தென்காசி வட்டாரத்தின் வீட்டு பியர்: ஓர் ஆய்வு

இங்கிலாந்தில் வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கும் ‘பிட்டர்’ என்னும் கசப்பு பியர் தென்காசி வீடுகளில் ஏன் இல்லை? அறிஞர் உலகம் இவ்வினாவுக்கு உரிய கவனம் அளித்ததாகத் தெரியவில்லை.

சட்டமே காரணம் என்பார் ஒரு சாரார். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. வீட்டில் காய்ச்சினால் பானையும் போகும், ஆளும் போவார். இங்கிலாந்திலும் 1880 முதல் வீட்டில் காய்ச்சுவோருக்கு உரிமம் வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். நமக்கு மாட்லிங் வாய்க்கவில்லை. கள்ளுக்கடைகளும் 1987இல் மூடப்பட்டன. ஆரியங்காவைத் தாண்டினால் கேரளத்தில் அதே கள் கடையில் கிடைக்கிறது என்பது இவ்வட்டாரத்தார் பாடநூலின்றிக் கற்ற புவியியல்.

வெயிலே காரணம் என்பார் மறுசாரார். பிட்டர் நுரைத்துப் புளிக்க 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டுமாம். இவர்கள் ஆடிச் சாரலில் ஐந்தருவிப் பக்கம் வந்ததில்லை போலும்.

வினாவே தவறு என்பது இக்கட்டுரையின் முடிபு. வீட்டு பியர் இங்கே உண்டு. நீராகாரம் என்ற பெயரில் அடுப்படி மூலையில் இருக்கிறது.

பிட்டர் வீரியம் குறைந்தது. சாதாரண வகையில் மது 4 விழுக்காட்டுக்குள் அடங்கும். நீராகாரம் இதில் அதையும் விஞ்சியது: முற்பகல் கொட்டாவியன்றி வேறு போதை பதிவாகவில்லை. பிட்டரை ஐஸில் வைப்பதில்லை, நிலவறைக் குளிர்ச்சியே போதும்; இதற்கு மண்பானைக் குளிர்ச்சி. அங்கே ஈஸ்டை விலைக்கு வாங்கிப் போடுகிறார்கள். இங்கே புழுங்கலரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடினால் லாக்டிக் பாக்டீரியா அழைப்பிதழ் இல்லாமலே வந்துவிடும். தண்ணீரின் அளவு பற்றி இலஞ்சி ஆச்சி ஒருவரிடம் கேட்டபோது, “சோறு முங்கணும்லா, அதுக்கு என்னய்யா கணக்கு?” என்றார். ஆய்வாளர் அளவுக்குவளையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கசப்பு எங்கே என்ற தடை இங்கே எழும். ஆங்கிலேயர் ஹாப்ஸ் பூவைப் பானத்திலேயே போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். கசப்புக்குக் கசப்பு, கெடாமலும் காக்கும். நம்மவர் கசப்பை எண்ணெய்ச் சட்டிக்கு மாற்றினர். சுண்டவத்தலும் மிதுக்கு வத்தலும் தட்டில் தனியே அமரும். எவ்வளவு கசக்க வேண்டும் என்பதை அங்கே காய்ச்சுபவர் முடிவு செய்கிறார். இங்கே ஒவ்வொரு மடக்குக்கும் குடிப்பவரே முடிவு செய்கிறார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூட இவ்வளவு தூரம் வரவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. சாரல் காலத்தில் பானை மந்தித்துவிடும். விடிந்தாலும் புளிப்பு ஏறாது. ஆங்கிலப் பானைக்கு உகந்த குற்றாலச் சீசன் நம் பானைக்கு ஆகாது. ஆகவே இவ்வூருக்கு இரண்டு பியர்கள் தேவை. ஒன்றைச் சட்டம் தடுக்கிறது.

சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வோரே பெரும்பான்மையினர் எனினும், அதில் கசப்பு இன்மையால் அவர்கள் பிட்டர் மரபில் சேரார். அவர்களை லாகர் மரபினர் எனக் கொண்டு தனிக் கட்டுரை எழுத வேண்டும். நல்கை கிடைத்தால் எழுதப்படும்.