நூலகத்துக்கு எந்தக் கணினி?

கேள்வி: ஆரணி போன்ற பட்டு நெசவு ஊரின் நூலகத்துக்குக் குறைந்த செலவில் எந்தக் கணினி ஏற்றது?

பதில்: தறிமேல் தொங்கும் ஜக்கார்டு அட்டையின் துளைகளால் புட்டா எனும் பூவேலையை எழுப்பும் ஊருக்குக் கணினி அந்நியமன்று, பிரான்சின் பட்டு நகரான லியோனில் 1804-இல் உருவான அம்முறையே கணினியின் துளையட்டைக்கு முன்னோடி. செலவைக் குறைக்க, விலையுயர்ந்த பெட்டிகளைத் தேடாமல், விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிய ராஸ்பெர்ரி பை 400 போன்றவற்றையோ, அலுவலகங்கள் கழித்தபின் பழுதுநீக்கி விற்கப்படும் சிறு கணினிகளையோ வாங்கி, உரிமக் கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளத்தை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை நிறுவி, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் சேர்த்துவிட்டால், மாணவரின் தேர்வு விண்ணப்பமும் நெசவாளரின் நலத்திட்ட மனுவும் ஒரே மேசையில் முடியும். சொத்து வரியுடன் நூலக வரியும் செலுத்தும் மக்கள் இதை உரிமையோடு கேட்க வேண்டும்.