சுருட்டு ரசிக்கும் முறை: சங்ககிரிப் பாடம்

இந்தக் கையேட்டை எழுதுகிறவன் ஒரு சுருட்டைக்கூட முழுசாகக் குடித்தவன் இல்லை. பதினேழு வயதில் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். சோளக்காட்டு வரப்பில் குத்த வைத்து, காலையில் குடித்த கம்மங்கூழைப் பூமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இருந்தாலும் எனக்குத் தகுதி உண்டு. எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், ஐம்பது வருஷம் சுருட்டுக் குடித்தவர். அவர் திண்ணையில் உட்கார்ந்து மூக்கால் படித்த படிப்பு இது. சமைக்கத் தெரியாதவர்கள்தானே சாப்பாட்டுக்கு அதிகம் குறை சொல்கிறார்கள்.

முதலில் சரக்கு. வெள்ளைக்காரன் ‘செரூட்’ என்று சொல்வதே நம்முடைய ‘சுருட்டு’தான், பொருளோடு பேரையும் கொண்டுபோய்விட்டான். திருச்சி உறையூர்ச் சுருட்டா, திண்டுக்கல் சுருட்டா என்பது எங்கள் பக்கம் கட்சிப் பிரச்சினை மாதிரி. அப்புச்சி லாரி ஓட்டிய காலத்தில் திருச்சிக்கு லோடு இறக்கிவிட்டு வரும்போது உறையூரில் கட்டு வாங்கி வருவார். ‘சர்ச்சிலே நம்ம சுருட்டுத்தான் குடிச்சாராம்’ என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதற்கு அப்புச்சியின் பதில்: “நல்லது கெட்டது தெரிஞ்ச ஆளுதான். சுதந்திரம் குடுக்கத்தான் மனசு வல்லே.” திண்டுக்கல் கட்சிக்காரர்களோ வேடசந்தூரைக் காட்டுவார்கள். சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948இல் அரசாங்கம் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சர்க்கார் ஆராய்ச்சி செய்த இலை என்பதே அப்புச்சிக்கு அதன்மேல் சந்தேகம் வரப் போதுமான காரணம்.

வாங்கும்போது காதால் வாங்க வேண்டும். சுருட்டைக் காதோரம் வைத்து இரண்டு விரலால் மெல்ல உருட்டுங்கள். அவரை நெற்று உடைகிற மாதிரி சத்தம் வந்தால் காய்ந்து போனது. சத்தமே இல்லையென்றால் ஈரம். புது ரூபாய்த் தாளை எண்ணுகிற மாதிரி ஒரு சன்னச் சத்தம் வர வேண்டும். அது வருகிற வரை கட்டுக் கட்டாகப் பிரித்து உருட்டலாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்தது பழுக்க வைப்பது. நூல் வைத்துப் பிடிக்கிறவர்கள் தேவதாரு மரப்பெட்டி வேண்டும், காற்றில் ஈரம் எழுபது சதவீதம் இருக்க வேண்டும், சூடு இருபது டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும் என்கிறார்கள். சங்ககிரியில் இந்த இரண்டும் கூடி வருகிற இடம் கிணற்றுக்குள்தான். சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப் பாறையில் வற்றல் வேண்டுமானால் நன்றாகக் காயும்.

அப்புச்சியின் முறை வேறு. தண்ணீர் பார்க்காத புதுப்பானை ஒன்று. அடியில் பழைய வேட்டித் துணி. அதன்மேல் சுருட்டை வரிசையாக அடுக்கி, நடுவில் பரமத்தி வேலூர் வெற்றிலை நாலு. மேலே ஈரத்துணியால் வேடு கட்டி அட்டாலியில் ஏற்றிவிட வேண்டும். வாரம் ஒரு தரம் வெற்றிலையை மாற்ற வேண்டும். எடுத்த வெற்றிலையைத் தூக்கி எறியக் கூடாது, அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவளுக்கு, தெரியாமல் அவருடைய வெற்றிலைப் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். (அம்மாயிக்கு இது முதல் வாரமே தெரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெற்றிலை நன்றாக இருந்ததுதான் என்று பின்னால் ஒத்துக்கொண்டார்.)

எத்தனை நாள் வைப்பது என்பதில்தான் வம்பு. ஒரு ஆடிக் காற்றும் ஒரு மார்கழிப் பனியும் பார்த்தால்தான் சுருட்டுக்குப் புத்தி வரும் என்பது அப்புச்சி கட்சி. அவருடைய சகலை திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் வண்டி வைத்திருந்தவர். “பழுக்கறதுக்கு அதென்னங்க, பூவன் வாழத்தாரா?” என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு பொங்கல் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் எந்தக் கட்சி வேண்டுமானாலும் சேரலாம். சகலையிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

பழுக்கும்போது பூச்சி விழும். புகையிலைக்கென்றே ஒரு பொடி வண்டு உண்டு. சூடு ஏறினால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரிந்து, குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அறிவாளிகள் அந்தச் சுருட்டைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். அப்புச்சி ஓட்டைகளை விரலால் பொத்திக்கொண்டு குடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் திண்ணையில் யாரோ நாதஸ்வரத்துக்குச் சாதகம் பண்ணுகிற மாதிரி இருக்கும்.

வெட்டுவது எப்படி? உண்மையைச் சொன்னால், நம் சுருட்டுக்கு வெட்டே தேவையில்லை. ஹவானாச் சுருட்டுக்கு ஒரு முனையை இலையால் தொப்பி போட்டு மூடியிருப்பார்கள். அதைத்தான் சீவ வேண்டும். நம்முடையதற்கு இரண்டு பக்கமும் வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் வெட்டாமல் குடித்தால் சடங்கு குறைகிறதே! அப்புச்சி பல் இருந்தவரை கடித்துத் துப்பினார். பல் போனதும் பாக்குவெட்டிக்கு மாறினார். அம்மாயியின் பாக்குவெட்டி. வெற்றிலை விஷயத்தில் வாய் திறக்காத அம்மாயி இதில் விடவில்லை. பாக்கில் சுருட்டு வாசம் வந்த அன்றைக்கு அப்புச்சிக்குச் சோறு திண்ணைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

பற்ற வைக்க அடுப்புக் கங்குதான் நல்லது. தீயை நேராகக் காட்டக் கூடாது. கங்குக்கு மேலே ஒரு விரற்கடை விட்டுப் பிடித்து, அப்பளம் வாட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பி வாட்ட வேண்டும். விளிம்பு முழுக்க ஒரே சிவப்பாக வந்ததும் வாயில் வைக்கலாம். புகையை நெஞ்சுக்குள் இறக்கக் கூடாது, வாயிலேயே வைத்திருந்து விட வேண்டும். ஆந்திரக் கடற்கரையில் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக் குடிக்கிற பழக்கம் உண்டு. மேலண்ணம் வெந்து புற்று வருகிற அந்த வித்தை இந்தக் கையேட்டில் சேராது.

ருசியை விவரிக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் தோல், காப்பி, கோக்கோ என்றெல்லாம் எழுதுகிறார்கள். அப்புச்சியும் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்காரரும் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதித்து வந்த முடிவு இது: முதல் கால்வாசி, மழைக்கு முந்தின செம்மண். நடுப்பாகம், எருமைத் தொழுவம், அதுவும் சுத்தமாக வைத்திருக்கிற தொழுவம். கடைசியில் சிமெண்டு மூட்டை. கடைசி ருசி சுருட்டுடையதா, ஆலையிலிருந்து லோடு ஏற்றி வந்து வாசலில் நின்ற லாரியுடையதா என்பது தீர்மானமாகவில்லை.

சாம்பலை அவசரப்பட்டுத் தட்டாதீர்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் வந்த முதல் கதையிலேயே தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் குடித்தது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். அம்மாயி அதற்கும் மேலே. சாம்பலே இல்லாமல், அப்புச்சியின் தோள்துண்டை முகர்ந்தே எத்தனை, எந்த நேரத்தில் என்று சொல்லிவிடுவார்.

பாதியில் அணைத்ததை மறுபடி பற்ற வைப்பது பாவம் என்பது மேல்நாட்டு விதி. அப்புச்சி பாதியை அணைத்துத் தாழ்வாரத்து ஓட்டுச் சந்தில் செருகிவிடுவார். இரண்டாம் பற்றலில்தான் இலை மனசு திறந்து பேசும் என்பார். ஓடு மாற்றியபோது பதினோரு பாதிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் எந்த வருஷத்தது என்று அடையாளம் சொன்னார். கொத்தனார் அசந்துபோய் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார்.

இடம் முக்கியம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் குடித்தால் இருநூறு ரூபாய் வரை அபராதம். ஆகவே பஸ் நிலையம் ஆகாது. சங்ககிரிக் கோட்டை மலை ஆகவே ஆகாது. 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடத்தில் புகை விடுகிறவனுக்கு அப்புச்சியே நாலு வைப்பார். சொந்தத் திண்ணைதான் நல்லது, பேரன்கள் இல்லாத நேரம் பார்த்து. எங்கள் வீட்டில் அப்படி ஒரு நேரம் இருந்ததில்லை.

பிறகு ஈரோட்டில் ஒரு டாக்டர் அப்புச்சியின் கன்னத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளையாக ஒரு படலம். “இன்னையோட நிறுத்திருங்க” என்றார். அப்புச்சி நிறுத்தினார். அதிலிருந்து ஞாயிறுதோறும் ஏரிக்கரை முனியப்பனுக்குப் படையல் போட ஆரம்பித்தார். அட்டாலியில் பழுத்ததில் ஒன்றை எடுத்துக் கங்கில் வாட்டி, சாமி முன்னால் கல்லிடுக்கில் செருகுவார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதென்று துண்டை உதறிப் பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். அம்மாயி கேட்டால், “நானெங்கே குடிச்சேன்? சாமி குடிச்சுது.” முனியப்பன் அவசரப்படுவதில்லை, நெஞ்சுக்குள் இறக்குவதில்லை, சாம்பலைத் தட்டுவதுமில்லை. நான் பார்த்ததில் முறையாகக் குடிப்பவர் அவர் ஒருவர்தான்.

துபாயிலிருந்து வந்த மச்சான் கண்ணாடிக் குழலில் போட்ட கியூபாச் சுருட்டு ஒன்றும், இரண்டு பக்கமும் விரல் விட்டு அழுத்துகிற பளபளப்பான வெட்டுக்கத்தி ஒன்றும் கொண்டுவந்தான். அப்புச்சி சுருட்டைக் காதோரம் உருட்டினார். “சத்தம் சரியாத்தான் இருக்குது” என்று அதையும் முனியப்பனுக்கே கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துக் காற்று திசை மாறி வீசியது. மூன்று தரம் இடம் மாறி உட்கார்ந்தார்.

கத்தி அம்மாயிக்குப் போனது. பாக்கு வெட்டிப் பார்த்தார், அசையவில்லை. அதன் வட்ட ஓட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, முறத்திலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து உள்ளே விட்டார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. டக், டக், டக். காம்பு தனி, நுனி தனி.

“மாமன் மவன் நல்ல சாமானந்தான் கொண்டாந்திருக்கறான், கண்ணு. இன்னொண்ணு வாங்கியாரச் சொல்லு” என்றார்.