எஸ்-6, பெண், 24

தனியாக ரயிலேறும் பெண்ணுக்கு வழியனுப்ப வந்த சுற்றம் சொல்லும் முதல் புத்தி: "யார்கிட்டயும் பேரு, ஊரு எதையும் சொல்லிடாதே." நல்ல யோசனைதான். ஆனால் அவள் வாயைத் திறக்கும் சிரமத்தைப் பல காலம் ரயில்வேயே ஏற்றுக்கொண்டிருந்தது. பெயர், வயது, ஆணா பெண்ணா, படுக்கை எண், இறங்கும் ஊர் எல்லாவற்றையும் அச்சடித்துப் பெட்டி வாசலிலேயே ஒட்டிவிடும். பிளாட்பாரத்தில் பொழுது போகாமல் நிற்பவர் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். 2018-ல் பெரிய நிலையங்களில் இந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். பெண்களின் பாதுகாப்புக்காக என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. காகிதம் மிச்சமாகுமாம்.

தாள் போனாலென்ன, எதிர் இருக்கை மாமி இருக்கிறாரே! விழுப்புரம் தாண்டுவதற்குள் சம்பளம், கல்யாணம், ஸ்டேஷனுக்கு யார் வருவார் என்பதுவரை கறந்துவிடுவார். பிறகு எலுமிச்சை சாதத்தை நீட்டியபடியே, "ரயில்ல யார் எது கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடாதேம்மா" என்பார்.

ஆபத்துக்கு அபாயச் சங்கிலி உண்டு. தகுந்த காரணமின்றி இழுத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எது தகுந்த காரணம் என்பதைக் கை நடுங்கும் நேரத்தில் சட்டப்படி யோசித்து முடிவு செய்துகொள்ள வேண்டும். உதவி எண் 139 என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல் காயும் ஈரத் துண்டைக் கொஞ்சம் விலக்கச் சொல்லி, யாரைப் பற்றிப் புகார் செய்யப் போகிறோமோ அந்த மேல்படுக்கைக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம்.