எங்கள் தெருவில் மூன்று எஸ்தர்

பாளையங்கோட்டையில் நான் வளர்ந்த தெருவில் மூன்று எஸ்தர்கள் இருந்தார்கள். டீச்சர் எஸ்தர், மாடி வீட்டு எஸ்தர், குண்டு எஸ்தர். யூதர் ஒருவர்கூடக் கிடையாது. யூதர் என்றால் வேதாகமத்தில் இருக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊசிக் கோபுரத்துக் கோயிலில் ஐயர் பிரசங்கத்தில் வந்துவிட்டு, மத்தியானக் கறிச் சோற்றுக்கு முன்னால் போய்விடுவார்கள். முஸ்லிம்கள் அப்படியல்ல. சைக்கிள் மிதித்தால் கொஞ்ச நேரத்தில் மேலப்பாளையம். தாத்தா கட்டியிருந்த கைலி அங்கே தறியில் நெய்தது. கொண்டுவந்து கொடுக்கிற பாய்க்குத் திண்ணையில் மோர் உண்டு. திண்ணை வரைக்கும்தான்.

மூன்று எஸ்தரில் ஒருவர் என் அத்தை. எந்த எஸ்தர் என்று கேட்காதீர்கள். அவருக்கு இந்தப் பத்திரிகை போகும்.

1977இல் அத்தைக்கு இருபத்துநாலு வயது. முருகன்குறிச்சியில் டைப்ரைட்டிங் படித்தார். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இரண்டு வருஷமாகியும் அத்தை லோயரிலேயே நிற்கிறாரே என்றுதான் தாத்தாவுக்கு முதல் சந்தேகம். அடித்துக் காட்டச் சொல்லி விசாரித்ததில், வேகத்தில் குறையில்லை, பரீட்சை எழுதத்தான் மனசில்லை என்று தெரிந்தது. சொல்லிக்கொடுத்தவர் மேலப்பாளையத்துக்காரர். கைலி கொண்டுவருவாரே, அந்தப் பாயின் மகன்.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்கால ஜெபம். தாத்தா ரூத்தின் புத்தகத்தைக் கண் கலங்காமல் வாசித்ததில்லை. மோவாபியப் பெண், வேற்று ஜனம், வேற்றுத் தெய்வம், இஸ்ரவேலில் வாழ்க்கைப்பட்டு தாவீது ராஜாவுக்கே பூட்டியானாள். எஸ்தரோ பெர்சிய ராஜா அகாஸ்வேருவின் மனைவி. மோசே எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டியதற்கு வாய் பேசிய மிரியாமுக்குக் குஷ்டம் வந்தது. இவ்வளவும் தாத்தாவுக்கு மனப்பாடம். அத்தை ஒரு நாள் அந்த மிரியாம் அதிகாரத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். தாத்தா விளக்கைக் குறைத்துவிட்டு, "அது பழைய ஏற்பாடு" என்றார்.

தொண்ணூறு வயதுப் பெரிய பாட்டிதான் விஷயத்துக்கு வந்தாள். "சாயபுன்னா சாயபாவே இருக்கட்டும். மதம் மாறுததுக்கு முன்னால அவுக என்ன ஆளுகன்னு விசாரிச்சியாலே?" மேலப்பாளையத்திலும் இதே கேள்வியை எங்களைப் பற்றிக் கேட்டார்களாம்.

தாத்தாவின் பெரிய பயம் சட்டத்தைப் பற்றியது. பதிவுக் கல்யாணம் என்றால் "நான் கிறிஸ்தவள் இல்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பேதுரு சேவல் கூவுமுன் மறுதலித்தது போல, என்று நம்பியிருந்தார். ஆதாரமில்லாத பயம் என்று சொல்ல முடியாது. 1872ஆம் வருஷத்துச் சட்டம் அப்படித்தான் கேட்டது: கிறிஸ்தவர், யூதர், இந்து, முஸ்லிம், பார்சி, பௌத்தர், சீக்கியர், சமணர், இவர்களில் யாருமில்லை என்று சொன்னால்தான் கல்யாணம். 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் அந்த மறுதலிப்பை எடுத்துவிட்டது. அவரவர் மதம் அவரவரிடம் இருக்கலாம். முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி, போதும். ஆட்சேபம் சொல்லலாம், ஆனால் வயது போதாது, முதல் தாரம் உயிரோடிருக்கிறது, சித்த சுவாதீனமில்லை, விலக்கப்பட்ட உறவு என்கிற மாதிரி இருக்க வேண்டும். 'அப்பாவுக்குப் பிடிக்கவில்லை' அந்தப் பட்டியலில் இல்லை.

நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயங்காலமே ஒரு குமாஸ்தா தாத்தாவிடம் வந்து சொல்லிவிட்டார். மறுநாள் கொக்கிரகுளத்தில், சுலோசன முதலியார் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில், தாத்தாவும் மாப்பிள்ளையின் வாப்பாவும் சந்தித்தார்கள். எப்படியாவது நிறுத்துவது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். டீக்காசை யார் கொடுப்பது என்று மல்லுக்கு நின்றார்கள். பத்து வயதுப் பையனாக சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத நல்லிணக்கம் என்று இப்போது மேடை போட்டுப் பேசுகிறார்களே, அதை நான் முதலில் கண்டது அங்கேதான்.

கல்யாணம் நடந்தது. அன்று ராத்திரி தாத்தா குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் அத்தையின் பிறப்பு எழுதியிருந்த இடத்தைச் சவர பிளேடால் சதுரமாக வெட்டி எடுத்தார். தாளின் பின்பக்கத்தில் தன்னுடைய கல்யாணத் தேதி எழுதியிருந்ததை மறுநாள்தான் கவனித்தார். பாட்டி அதற்காக அவரை மன்னிக்கவே இல்லை. கைலி மட்டும் கடைசிவரை அதே தறியிலிருந்துதான் வந்தது. மோரும் அதே திண்ணையில்.

2006இல் ஒரு நாள் செய்தித்தாளில் நிஜமான யூத எஸ்தர் ஒருவரின் மரணச் செய்தி பார்த்தேன். எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். கல்கத்தாவில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்து, பம்பாய் சினிமாவில் பிரமிளா ஆனவர். 1947இல் முதல் மிஸ் இந்தியா, அதுவும் வயிற்றில் பிள்ளையோடு. கட்டிக்கொண்டது குமார் என்ற நடிகரை. அசல் பெயர் சையத் ஹசன் அலி ஜைதி. 'முகல்-ஏ-ஆஸம்' படத்தில் சிற்பியாக வருவாரே, அவர்தான். அது 1961இல் 'அக்பர்' என்று தமிழிலும் வந்தது. இவர்களுடைய மகன் ஹைதர் அலிதான் 'ஜோதா அக்பர்' கதையை எழுதியவர். அப்பா நடித்த படத்தில் காதலை உடைக்கிற அக்பர், மகன் எழுதியதில் காதலிக்கிறார். 2008இல் அந்தப் படத்துக்கும் ராஜஸ்தானில் எதிர்ப்பு வந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தைக்கூட விடுவதில்லை.

ஆவலாகக் கொண்டுபோய் அத்தையிடம் சொன்னேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். குமாருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார் என்றதும் கை நின்றது. "அப்ப அது என்ன காதல்?" 1963இல் அவர் பாகிஸ்தான் போய்விட்டார், இந்த அம்மா பம்பாயிலேயே இருந்துவிட்டார் என்றேன். "எங்க வீட்டுக்காரர் கடையநல்லூர் போகணும்னாலே ரெண்டு நாள் யோசிப்பாக" என்று உரிப்பதைத் தொடர்ந்தார். உலக வரலாற்றை அத்தையிடம் கொண்டுபோகக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் இன்னொரு நோட்டீஸ். என் தங்கை மகள், சென்னையில் வேலை. பையன் அதே அலுவலகம், முஸ்லிம். இந்த முறை யாரும் வேதாகமத்தை எடுக்கவில்லை. எல்லோரும் முற்போக்காகிவிட்டோம். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா ஊரு என்ன சொல்லும்?" "அந்தப் பையன் தங்கம். ஆனா நாட்டு நிலைமை அப்படி." என் தம்பி 'பாதுகாப்பு' என்ற சொல்லை ஒரே உரையாடலில் ஏழு தடவை சொன்னான். நோட்டீஸை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, குமாஸ்தா நடந்துவர ஒரு சாயங்காலம் எடுத்த செய்தி ஒரு நிமிஷத்தில் துபாய் வரை போனது. குடும்பக் குழுவிலிருந்து பெண்ணை நீக்கினார்கள். பிளேடு தேவைப்படவில்லை, பின்பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவும் இல்லை. பெரிய பாட்டியின் கேள்வி மட்டும் ஒரு சித்தப்பாவின் குரல் பதிவில் அப்படியே வந்தது.

சென்னையிலேயே பதிவு செய்கிறார்கள். ஊரில் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். 2024 ஜூனில் பாளையங்கோட்டையில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை நடத்தி வைத்ததற்காக மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். 2025 ஜூலை 27, கே.டி.சி. நகரில், பட்டப்பகலில், ஒரு இளம் மென்பொருள் பொறியாளரை வெட்டிக் கொன்றார்கள். அவரும் அவர் காதலித்த பெண்ணும் ஒரே மதம். அந்த இடத்தைத் தாண்டித்தான் நான் தினமும் காய்கறி வாங்கப் போகிறேன். டீக்காசுக்கு மல்லுக்கு நின்ற இரண்டு கிழவர்களை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று சாட்சி வேண்டும். நண்பர்கள் எத்தனையோ பேர் தயார். ஆனால் மூவரும் குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும் என்பது பெண்ணின் பிடிவாதம். ஒருவர் அத்தை, வயது எழுபத்திரண்டு. ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இரண்டாவது நான். எங்கள் குடும்பக் குழுவில் அறுபத்து நாலு பேர் இருக்கிறோம். மூன்றாவது ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.