நான்கு பருவத் தோட்டம்

மணவூருக்கும் வசந்தம் வந்துவிட்டது. மனை விற்பவர்களோடு வந்து இறங்கியது. பக்கத்து மனைக்காரர் சென்னையிலிருந்து தோட்ட வடிவமைப்பாளர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் ஆண்டை நான்காக வெட்டினார். கார், கூதிர், முன்பனி, பின்பனி எனத் தொடங்கி ஆறாக எண்ணிய நம் முன்னோருக்குச் சிக்கனம் போதாது. வசந்தத்துக்கு டூலிப், கோடைக்கு லாவெண்டர், இலையுதிர் காலத்துக்கு மேப்பிள், குளிருக்குப் பனியில் நிற்கும் பைன். பனி மட்டும் வாடிக்கையாளர் பொறுப்பு.

சித்திரையில் திருத்தணி வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. நான்கு பருவமும் ஒரே வாரத்தில் நடந்து முடிந்தன. இவ்வளவு சுறுசுறுப்பான தோட்டத்தை நான் கண்டதில்லை.

வடிவமைப்பாளர் அசரவில்லை. பிளாஸ்டிக் புல், பிளாஸ்டிக் ரோஜா! திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படி என்றால் இங்கே 365 நாளும் பூ. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் புது மொட்டு. ஆடிக் கிருத்திகைப் பூக்காவடிக்காரர்களும் யோசிக்கலாம்.

ஒரே ஒரு குறை. மதிலுக்கு வெளியே, யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல், ஆடுகூட வாய் வைக்காமல், பன்னிரண்டு மாதமும் நித்தியகல்யாணி பூத்துத் தொலைக்கிறது. தோட்டத்தின் இயற்கை அழகைக் கெடுக்கிறதாம்.

பிடுங்க நாளைக் காலை ஆள் வருகிறது.