ஒக்காந்து பாக்குற வேலை

எங்கள் ஆயாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வேலைகள்தான். ஒக்காந்து பாக்குற வேலை, நின்னு பாக்குற வேலை. சம்பளம், பி.எஃப்., போனஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். என் சின்ன அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரே வாரத்தில் இரண்டு ஜாதகம் வந்ததாம். ஒருவர் பஸ் டிரைவர், இன்னொருவர் கண்டக்டர். கண்டக்டருக்குப் பொருத்தம் கூடுதல். ஆயா ஒரே கேள்வியில் விஷயத்தை முடித்துவிட்டது: "யாருக்கு சீட்டு உண்டு?" டிரைவர் எங்கள் மாமா ஆனார்.

அப்படிக் கேட்கிற உரிமை ஆயாவுக்கு உண்டு. எங்கள் ஊரான கூனிமேட்டிலிருந்து வடக்கே போனால் மரக்காணம், மரக்காணம் என்றால் அளம், ஆயா பாடுபட்டது அங்கேதான். உப்பளம் என்று நாங்கள் முழுதாகச் சொல்வதில்லை. தை மாதம் மழை ஈரம் வடிந்ததும் பாத்தி கட்ட வேண்டும். களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். இல்லையென்றால் உப்போடு சேறும் வந்துவிடும். அப்புறம் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, வெயில் காய்ச்சி, பூத்த உப்பை ஆண்கள் நீளக் கட்டை பிடித்த பலகையால் வாரி ஒதுக்க, பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்ட வேண்டும். விடிவதற்கு முன்னால் ஆரம்பித்து உச்சி வெயிலுக்குள் முடித்தாக வேண்டும். கீழே உப்புத் தண்ணீர் காலை அறுக்கும், மேலே வெள்ளை வெளிச்சம் கண்ணை அறுக்கும். இத்தனை வேலையிலும் உட்கார்ந்து செய்கிற மாதிரி ஒரு பகுதிகூடக் கிடையாது. ஆயா உட்கார்ந்தது ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது மழை, அளமும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்கு இப்போது அரசாங்கம் 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. "நாங்க பாடுபட்ட காலத்துல இத குடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா ஒக்காந்திருப்பேன்" என்று ஆயா சொல்லும்.

ஆக, நான் உட்கார வேண்டும் என்பதற்காகவே ஒரு குடும்பம் நின்றது. நானும் ஏமாற்றவில்லை. படித்து, சென்னையில் பயிற்சி எடுத்து, மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போனேன். அமெரிக்காவில் ஒருவருக்கு வலி வந்தால் அந்த வலிக்கு ஒரு எண் போட வேண்டும். அந்த எண் இருந்தால்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது கூனிமேட்டுக்குத் திரும்பியவன், அப்படியே இங்கேயே தங்கிவிட்டேன். காலையிலிருந்து ராத்திரி வரை நாற்காலி. ஆயா போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து என்னைக் காட்டும். "பாரு, காலைல ஒக்காந்த புள்ள, இன்னும் எழுந்திருக்கல." அதன் குரலில் அப்படி ஒரு பெருமை.

இடுப்புவலிக்கு எங்கள் தொழிலில் எண் எம் 54.5. 2021 அக்டோபரில் அதை மூன்றாகப் பிரித்தார்கள். அதனால் யாருக்காவது வலி குறைந்ததாகத் தகவல் இல்லை. அடுத்தவர்களுடைய இடுப்புக்கு எண் போட்டுப் போட்டு, ஒருநாள் என் இடுப்பே அந்த எண்ணைக் கேட்டது. பிசியோதெரபிஸ்ட் என்னை முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்துவிட்டு, "உட்கார்ந்தே இருக்கீங்க சார், ஒரு ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்குங்க" என்றார். நின்றுகொண்டே வேலை பார்க்கிற மேசை. பட்டனை அழுத்தினால் ஏறும், அழுத்தினால் இறங்கும். வாங்கினேன். முழு விலையைச் சொன்னால் ஆயா மயங்கிவிடும் என்று கால்பங்கு விலைதான் சொன்னேன். மயக்கம் அதற்கே வந்துவிட்டது.

பார்சல் பிரித்த அன்று தெருவே வந்து பார்த்தது. இஸ்திரி போடுகிற மேசை என்றார் ஒருவர். பரோட்டாக் கல் வைக்கிற மேடை என்று இன்னொருவர். கடை போடப்போகிறேனோ என்று அவருக்குக் கொஞ்சம் கவலையும் இருந்தது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவருக்கு ஏற்கெனவே ஒரு பரோட்டாக் கடை உண்டு. நான் நின்று காட்டினேன். ஆயா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது.

"இன்னாடா இது? ஒக்காந்து சம்பாரிக்கட்டும்னுதான ஒன்ன படிக்க வெச்சோம்? நிக்கிறதுக்கு எதுக்குடா பணம் குடுத்த? அளத்துக்கு வந்திருந்தா சும்மாவே நின்னிருக்கலாமே. சாயங்காலம் கூலியும் குடுத்திருப்பான்."

பொருளாதாரரீதியாக இதற்கு என்னிடம் பதில் இல்லை. "இது ஒடம்புக்கு நல்லது ஆயா" என்றேன். "அப்போ எனக்கு ஏன் முட்டி போச்சு?" என்றது. மருத்துவரீதியாகவும் பதில் இல்லை.

மேசைக்கு முதல் எதிரி ஆயா இல்லை, மின்வாரியம். எங்கள் இன்வெர்ட்டர் ஃபேனையும் லேப்டாப்பையும் தாங்கும், மேசையின் மோட்டாரைத் தாங்காது. நான் நின்று, கால் கடுத்து, உட்காரலாம் என்று நினைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் கரண்ட் போகும். மேசை மேலே, நாற்காலி கீழே. ஒருநாள் அப்படியே மீட்டிங்கில் உட்கார்ந்தேன். கேமராவில் என் நெற்றியும் பின்னால் மாட்டியிருந்த காலண்டர் முருகனும் மட்டும் தெரிந்தார்களாம். டீம் லீடர் பேசியது முழுக்க முருகனிடம்தான்.

இரண்டாவது எதிரி காற்று. கடலோரத்தில் இரும்பு வாங்குவது கடலுக்குத் தவணை கட்டுகிற மாதிரி. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பி, கேட் கொண்டி, சைக்கிள் செயின், டிவியின் உள்பாகம் எல்லாவற்றிலும் கடல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏற்ற இறக்கக் கால்களுக்குள் உப்புக் காற்று போனபின், மேசை இறங்கும்போது முனக ஆரம்பித்தது. ஆயா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது வருகிற சத்தத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கம்பெனிக்கு ஃபோன் செய்தால், "சார், நீங்க கடலுக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். அந்தப் பக்கம் ஃபோன் துண்டிக்கப்பட்டது.

சரி, நின்றால் உடம்புக்கு என்னதான் ஆகிறது என்று படிக்க உட்கார்ந்தேன். 2018-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் நாற்பத்தாறு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பதைவிட நின்றால் நிமிடத்துக்கு 0.15 கலோரி கூடுதலாகச் செலவாகும். மணிக்கு ஒன்பது. ஒரு மெதுவடை சுமார் நூறு கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூனிமேடு டீக்கடையில் ஒரு வடையைத் தின்றுவிட்டு அதைக் கரைக்கப் பதினோரு மணி நேரம் நிற்க வேண்டும். இடையில் பசித்து இன்னொரு வடை தின்றால், அன்றைக்குப் படுக்க முடியாது.

இதில் என்னை உண்மையாகவே தூக்கிவாரிப்போட்டது லண்டன் கதை. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் லான்செட் இதழில் எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, படிக்கட்டு ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உட்கார்வதையும் உடல் உழைப்பையும் பற்றி உலகம் இன்றைக்குப் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து தொடங்கியதுதான். அதாவது, ஆயா நிராகரித்த மாப்பிள்ளை பக்கம்தான் அறிவியல் நின்றது. மாமாவிடம் பக்குவமாகச் சொன்னேன். மாமா தொப்பையைத் தடவிக்கொண்டு, "எங்க வண்டியில மாடி இல்லப்பா, கண்டக்டரும் பின்சீட்டுல ஒக்காந்துதான் விசில் ஊதுவான்" என்றார். மோரிஸும் விடவில்லை. 1956-இல் பஸ் ஊழியர்களின் சீருடைக் கணக்கை எடுத்து, கால்சட்டை இடுப்பளவுகளைப் பார்த்தார். டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கண்டக்டர்களைவிடப் பருமனாகத்தான் இருந்தார்களாம். உட்கார்ந்ததால் தொப்பை வந்ததா, தொப்பை இருந்ததால் உட்காரும் வேலைக்கு வந்தாரா என்பது எங்கள் மாமா விஷயத்திலும் தீராத வழக்குதான். மோரிஸ் 2009 வரை, தொண்ணூற்றொன்பது வயது வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் மோரிஸின் கண்டக்டர்கள் நின்றவர்கள் அல்ல, நடந்தவர்கள், ஏறியவர்கள். மேசை விற்பவர்கள் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெறுமனே நிற்பதன் கதை வேறு. கனடாவின் ஒன்டாரியோவில் சுமார் 7,300 தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் எழுதினார்கள்: பெரும்பாலும் நின்றே பார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து பார்ப்பவர்களைவிட இதய நோய் கிட்டத்தட்ட இரு மடங்கு. 2024-இல் சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கையில் கருவி கட்டிய எண்பத்து மூவாயிரம் பிரிட்டன்காரர்களின் விவரங்களைப் பார்த்தார்கள். நிற்பதால் இதயத்துக்கு லாபமில்லை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், காலில் நரம்பு புடைப்பது போன்ற ரத்த ஓட்டத் தொல்லைகளுக்கான வாய்ப்பு ஏறுகிறது. நரம்புச் சுருளுக்கு எங்கள் எண் ஐ 83. எம் 54.5-இலிருந்து தப்பிக்கப் பணம் கட்டி ஐ 83-க்கு இடம்பெயர்வதற்குப் பெயர் ஆரோக்கியம்.

நின்று வேலை பார்ப்பதில் எனக்கு முன்னோடியாக அமெரிக்காவில் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் என்று ஒரு பாதுகாப்பு அமைச்சர் இருந்தார். பென்டகனில் நின்றுகொண்டே வேலை பார்ப்பார். 2002 டிசம்பரில், குவாண்டனாமோ கைதிகளை விசாரணையின்போது நான்கு மணி நேரம் வரை நிற்க வைக்கலாம் என்ற குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே கையால் எழுதினார்: நானே ஒரு நாளைக்கு எட்டு பத்து மணி நேரம் நிற்கிறேனே, இவர்களுக்கு மட்டும் ஏன் நான்கு? தான் நினைத்தபோது உட்காரலாம், கைதி உட்கார முடியாது என்பது அவ்வளவு பெரிய மனிதருக்குத் தோன்றவில்லை. உப்பளத்தில் வேலை பார்த்த யாரும் அவருக்கு இதை அரை நிமிடத்தில் விளக்கியிருப்பார்கள்.

சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடைகளிலும் இதை விளக்கியிருக்கக்கூடியவர்கள் உண்டு. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் வந்தபோதுதான், புடவை எடுத்துப் போடுகிற பிள்ளைகளுக்கும் கால் இருக்கிறது என்று நம்மில் பலருக்கு உறைத்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, துணிக்கடைப் பெண்களைத் திரட்டி, முதலில் கழிப்பறைக்கும் பிறகு உட்காரும் உரிமைக்கும் போராடினார். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது: எல்லாப் பணியாளர்களுக்கும் உட்கார இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். நாற்காலிக்காரன் நிற்கக் காசு கட்டுகிற அதே காலத்தில், நிற்கிறவர்கள் உட்காரச் சட்டம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மசோதாவை வாசித்த எம்.எல்.ஏ.க்கள் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்துதான் அதை நிறைவேற்றினார்கள் என்பதில் தவறில்லை. ஆயாவின் கணக்குப்படி அதுவும் நல்ல வேலை.

உட்கார்வது, எழுவது இரண்டையும் சேர்த்தே அளக்க, பிரேசிலில் கிளாடியோ அராவுஜோ என்ற மருத்துவர் ஒரு சோதனை வைத்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். உட்கார ஐந்து மதிப்பெண், எழ ஐந்து. கையையோ முட்டியையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். குறைவாக வாங்கியவர்களுக்கு ஆயுளும் குறைவாக இருந்ததாக 2012-இல் எழுதினார்கள். வீட்டில் போட்டி வைத்தேன். நான் கீழே போனேன். மேலே வருவதற்கு ஒரு கை, ஒரு முட்டி, கடைசியில் அந்த மேசையின் கால். ஆயா அருவாமனை முன்னால் உட்கார்ந்து சங்கரா மீனை அரிந்துகொண்டிருந்தது. செதில் ஒட்டிய கையை ஊன்ற முடியாது என்பதால், புடவையை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, "அப்பா முருகா" என்று ஒரே மூச்சில் எழுந்தது. முருகனைக் கூப்பிட்டால் மதிப்பெண் குறைப்பதாக விதியில் இல்லை. அருவாமனைக்கு உட்கார, தண்ணீருக்கு எழ, பூனையை விரட்ட எழ, திரும்ப உட்கார என்று ஒரு மீன் குழம்புக்குள் அது எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று அப்புறம்தான் கவனித்தேன். மோட்டார் இல்லாமல். கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

போன பொங்கலுக்கு ஆயாவைப் புடவை எடுக்கக் கூட்டிப்போனேன். பெரிய கடை, பெயர் வேண்டாம். எடுத்துப் போட்ட பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அவளுக்குப் பின்னால் சட்டப்படி ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் ஜாக்கெட் பிட்டுகள் உட்கார்ந்திருந்தன. ஆயா கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், பிட்டுகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, "ஒக்காந்து காட்டும்மா, பொடவ எங்கயும் ஓடிப்போயிடாது" என்றது. அவள் தயங்கினாள். சூப்பர்வைசர் வந்தார்.

"பாட்டிம்மா, கஸ்டமர் இருக்கும்போது உட்காரக் கூடாது."

"கஸ்டமர் நான்தானப்பா சொல்றேன். அந்தப் பச்சைய பிரிம்மா. அந்த ஊதாவ."

சூப்பர்வைசருக்கும் காலையிலிருந்து ஸ்டூல் கிடையாது போல. அவரும் கவுண்ட்டரில் கையை ஊன்றித்தான் நின்றார். ஆயா அதையும் பார்த்துவிட்டு, எனக்குப் போட்டிருந்த நாற்காலியைக் காட்டி, "எழுந்திருடா, ஒனக்குத்தான் நிக்கிறது ஒடம்புக்கு நல்லதாச்சே" என்றது. எழுந்தேன். அவர் உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை. அடுத்த அரைமணி நேரம் அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுங்குடி, சின்னாளப்பட்டி, காட்டன், சிந்தெடிக் என்று மலை மாதிரி பிரித்துப் போட்டாள். ஆயா ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்து, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து, சாயம் போகுமா என்று கேட்டு, விலையைக் கேட்டு, வேறு காட்டச் சொல்லியது. கடைசியில் ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் வெளியே வந்தோம்.