கலைவாணியின் அயலவர்

1873இல் மாளிகாகந்தையில் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் ஸ்தாபித்த வித்தியோதய பிரிவெனா, 1959இல் சர்வகலாசாலையாகப் பதவியுயர்ந்து, பின்னர் நுகேகொடையை அடுத்த கங்கொடவிலைக்குக் குடிபெயர்ந்து, 1978இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்னும் நாமத்தையும் தரித்துக்கொண்டது. கிருலப்பனையில் 138ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையைப் பற்றிக்கொண்டு, ஹைலெவல் வீதி வழியே நுகேகொடையை அடையும் மாணாக்கர் அங்கு முதலில் தரிசிப்பது கலைவாணியையன்று. மதில்தோறும் ஒட்டிய டியூஷன் விளம்பரங்களையும், சமையலுக்கு இடமில்லையென்ற நிபந்தனையோடு போடிங் அறைக்கு ஆள் தேடும் அட்டைகளையுமே. விரிவுரைக் குறிப்புகளைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரோ, பரீட்சையில் எந்தப் பக்கம் வருமென்பதைப் பேராசிரியரினும் நிச்சயமாகச் சொல்லவல்லவர். கல்வியால் ஊர் உயரும் என்பர் பெரியோர். ஐயமின்றி உயர்ந்தது அறை வாடகையே.